ஆரஞ்சுத் தோல் பொறி

அத்தியாயம் 17

பொறி வைப்பது சுலபம். எலி விழும் வரை காத்திருப்பதுதான் கொடுமை. போன வாரம் ஒன்றுக்கு மூன்றாகப் பொறி வைத்துவிட்டுப் படுத்த பெரியவளுக்கு நான்கு நாட்களாகச் சரியான தூக்கமில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்ததுதான் மிச்சம்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பி இரண்டு பேர், அவர்களுக்கு இரண்டு மனைவிகள், நாலு பேருக்கும் சேர்த்து ஒரே சிற்றுண்டிக் கடை. கலவை எல்லாம் பெரியவள் கை. அடுப்பு அவள் கணவர் பொறுப்பு. ரொட்டி வெட்டுவது, வெண்ணெய் தடவுவது ஓரகத்தியான சின்னவளின் வேலை. விடியுமுன் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவது கொழுந்தன்.

கடைக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரே ஒரு பண்டம். சீஸ் உருகி வழியும் பூண்டு ரொட்டி, அதன் தலையில் தேனும் மிளகாயும் சேர்ந்த ஒரு பாகு. முதலில் இனிக்கும், அப்புறம் சுள்ளென்று பிடிக்கும். நாலு மணிக்கு அலுவலகம் விட்டு வருகிறவர்கள் இதற்காகவே வாசலில் நிற்பார்கள்.

நின்றார்கள் என்று சொல்ல வேண்டும். மூன்று மாதங்களுக்கு முன் தெருக்கோடியில் சிவப்புக் கூரை போட்டு ஒரு புதுக் கடை வந்தது. மூன்று வாரங்களாக அங்கேயும் அதே பூண்டு ரொட்டி, அதே தேன் மிளகாய். வரிசையில் பாதி அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

கைப்பக்குவம் கால் முளைத்து நடக்குமா? யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெரியவளைத் தவிரச் சமையலறைக்குள் வருவது மூன்று பேர்தான். ஆகவே பெரியவள் ஒவ்வொருவரையும் தனியாகப் பிடித்து, பாகில் புதிதாக ஒன்று சேர்ப்பதாகக் காதோடு சொன்னாள். கணவரிடம் கறுப்பு எள். கொழுந்தனிடம் இஞ்சிச் சாறு. சின்னவளிடம் ஆரஞ்சுத் தோல். உண்மையில் அவள் எதையும் சேர்க்கவில்லை. சிவப்புக் கூரை ரொட்டியில் எந்த வாசனை வருகிறதோ, அதற்கு உரியவர்தான் திருடர். இவ்வளவுதான் கணக்கு.

எள்ளாகவோ இஞ்சியாகவோ இருந்துவிட வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டதையும் சொல்லிவிட வேண்டும். ஆண்கள் என்றால் நாலு நாள் கத்தித் தீர்த்துவிடலாம். சின்னவள் விஷயம் வேறு. போன வருடம் பெரியவளுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது ஒன்பது ராத்திரி ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கியவள் அவள். அவள்தான் என்று ஆகிவிட்டால் இந்தக் கடையில் யாரை நம்பி முதுகைக் காட்டுவது?

---

காலை ஒன்பது மணி. சின்னவள் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். நீள ரொட்டியில் வரிசையாகக் கீறல் போட வேண்டும், ஆனால் கத்தி அடி வரை போய்விடக் கூடாது. அடியில் ஒரு விரல் கனம் ஒட்டியிருந்தால்தான் ஒவ்வொரு இடுக்கிலும் பூண்டு வெண்ணெயைத் திணிக்கலாம். பூண்டில் பாதியைச் சுட்டு மசிப்பாள், பாதியைப் பச்சையாகத் துருவுவாள். வெண்ணெயை உருக்க மாட்டாள், விரலால் அழுத்தினால் குழையும் பதத்தில் எடுப்பாள்.

அவள் கை வேகத்தைப் பெரியவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். வழக்கமாகப் பார்த்தால் பெருமையாக இருக்கும். இன்று அந்த விரல்கள் ஒவ்வொன்றும் எதையோ மறைப்பது போலவே இருந்தது.

சின்னவளின் போன் டிங்கென்றது. எடுத்துப் பார்த்தாள். உதட்டோரம் ஒரு சிரிப்பு. சட்டென்று ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"யாரு?" என்றாள் பெரியவள்.

"யாருமில்லக்கா. குரூப்புல ஏதோ வந்திருக்கு."

"எந்தக் குரூப்பு?"

"நம்ம குரூப்புதான்."

நம்ம குரூப்பாம். எட்டு மாதங்களுக்கு முன் அந்தக் குரூப்பிலிருந்து பெரியவள் வெளியேறினாள். கொழுந்தன் தினமும் காலையில் ரோஜாப்பூப் படம் போட்டு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். "வேலை வெட்டி இல்லையா?" என்று எழுதிவிட்டுக் கிளம்பினாள். யாராவது கூப்பிடுவார்கள் என்றுதான் கிளம்பினாள். எட்டு மாதமாக ஒருத்தரும் கூப்பிடவில்லை. நிம்மதியாக இருக்கிறார்கள் போல.

"சிரிக்கிற மாதிரி என்ன வந்துச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. பூனைப் படம்."

பூனைப் படமாம். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று சும்மாவா சொன்னார்கள்!

பெரியவள் அடுப்புப் பக்கம் திரும்பி, தேனைச் சின்னத் தீயில் வைத்தாள். பாகு காய்ச்சும்போது எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பாள், அது அவள் வழக்கம். தேன் இளகியதும் இடித்த மிளகாய், ஒரு சிட்டிகை உப்பு. ஓரத்தில் குமிழி வரும்போதே இறக்கிவிட வேண்டும், பொங்கவிட்டால் தேன் கெட்டுப்போகும். இறக்கிய பிறகு நாலு சொட்டு வினிகர்.

"அக்கா, ஆரஞ்சுத் தோல் போட்டாச்சா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "போட்டாச்சு போட்டாச்சு. ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

சும்மா யாராவது கேட்பார்களா? அடுப்பருகே நின்ற கணவர் இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அடுப்பின் கண்ணாடிக் கதவைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே துடைத்த கதவு. ஊமைக்கோட்டான்! இந்த மனிதர் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயந்து முப்பது வருடமாக மூடியே வைத்திருக்கிறார்.

---

இரண்டு மணிக்குப் பெரியவள் கிளம்பினாள். முகக்கவசம், கறுப்புக் கண்ணாடி, கணவரின் தொப்பி. நிலைக்கண்ணாடியில் பார்த்தபோது தன்னையே தனக்கு அடையாளம் தெரியவில்லை.

சிவப்புக் கூரைக் கடையில் பணிப்பெண்ணுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"வாங்கக்கா! நீங்க அந்தப் பூண்டு ரொட்டிக் கடை அக்காதானே? வெயில்ல வந்தீங்களா? தண்ணி தரட்டுமா?"

"ஒரு ரொட்டி. பார்சல்" என்றாள் பெரியவள், கண்ணாடியைக் கழற்றாமல்.

உள்ளே சமையலறை வாசலில் திரை தொங்கியது. திரைக்கு அடியில் இரண்டு கால்கள் மட்டும் அங்கும் இங்கும் நடந்தன. அடுப்பிலிருந்து வந்த வாசனையை மூக்கை நீட்டி மோந்து பார்த்தாள். சுட்ட பூண்டு பாதி, பச்சைப் பூண்டு பாதி. அதையுமா சொல்லிக்கொடுத்துவிட்டாள்?

"இருங்கக்கா, நுனித் துண்டு தனியா வரும்" என்று பணிப்பெண் ஒரு சின்னப் பொட்டலத்தையும் சேர்த்து வைத்தாள். "அது எங்க கடையில இனாம்."

அது நம் கடையில் இனாம் என்று கத்தத் தோன்றியது. யாருக்கும் வேண்டாத நுனித் துண்டின் மேல் இரண்டு மடங்கு சீஸ் குவித்து, தனியாக மடித்துக் கொடுப்பது பெரியவள் கடை வழக்கம். அந்த வழக்கத்தை முதலில் தொடங்கியது யார் என்று அவள் அப்போது யோசித்திருந்தால் இந்த அத்தியாயமே வேறு மாதிரி போயிருக்கும். யோசிக்கவில்லை. ஆத்திரக்காரிக்கு அடுத்த அடிதான் தெரியும்.

பேருந்து நிறுத்தத்து இருக்கையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு துண்டைப் பிய்த்தபோது சீஸ் நூல் நூலாக இழுபட்டது. மேலே மொறுமொறுப்பு, உள்ளே வெண்ணெய் ஊறிய மெத்து. குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுவே எரிச்சல். நாக்கில் முதலில் தேன் இறங்கியது. பிறகு மிளகாய் சுள்ளென்றது. எள் இல்லை. இஞ்சி இல்லை. விழுங்கும் நேரத்தில், தொண்டைக்கு முன்னால், மெல்ல ஒரு மணம் எழுந்தது.

ஆரஞ்சு.

இன்னொரு துண்டு தின்று பார்த்தாள். சந்தேகமே இல்லை. தோலைத் துருவிப் போட்டால் கொஞ்சமாவது கசக்க வேண்டாமா? துளிக் கசப்பு இல்லை. அதுவும் அவளுக்குக் கோபமாகத்தான் வந்தது.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்ற வெற்றி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அடுத்த நிமிஷம் அழுகை முட்டியது. ஒன்பது ராத்திரி நாற்காலியில் தூங்கியவளா இப்படிச் செய்தாள்? மூன்று பேருந்துகள் வந்து போயின. அவள் எழுந்திருக்கவில்லை.

---

கடைக்குத் திரும்பியபோது மணி மூன்றரை. நாலு மணிக் கூட்டத்துக்கான தட்டுகள் வரிசையாகத் தயாராகிக்கொண்டிருந்தன. சின்னவள் கடைசி ரொட்டியில் சீஸ் திணித்துக்கொண்டிருந்தாள்.

பெரியவள் பொட்டலத்தை மேடை மேல் வைத்தாள். "இத வாயில போடு."

சின்னவள் மணிக்கட்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஒரு துண்டை மென்றாள். கண் விரிந்தது.

"அக்கா! இன்னிக்குத்தான் ஆரஞ்சுத் தோல் நல்லாத் தெரியுது. இப்படியே வெச்சுக்கலாம்க்கா. இது எப்பப் போட்ட ரொட்டி?"

"நம்ம அடுப்புல போட்டதில்ல. சிவப்புக் கூரைக் கடையில வாங்கினது."

சின்னவளின் முகம் வெளுத்தது. அடுப்பருகே கணவர் கையிலிருந்த தட்டு நழுவிக் கணீரென்று விழுந்தது.

மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? பெரியவளுக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"ஆரஞ்சுத் தோல்னு உன் ஒருத்திகிட்டதான் சொன்னேன். உங்க மாமாகிட்ட எள்ளுன்னேன். உன் வீட்டுக்காரர்கிட்ட இஞ்சின்னேன். சிவப்புக் கூரைக் கடையில ஆரஞ்சுதான் மணக்குது. இப்ப என்ன சொல்ற?"

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப நீங்க தோல் போடவே இல்லையா?"

"போடல. யாரு திருடின்னு பாக்கத்தான் சொன்னேன்."

"நாலு நாளா பாக ருசி பாக்குறேன்" என்றாள் சின்னவள். குரல் தாழ்ந்திருந்தது. "தோல் வாசனையே வரல. காலையிலகூடக் கேட்டேன், போட்டாச்சுன்னீங்க. என் நாக்குதான் செத்துப்போச்சுன்னு நெனச்சேன். நீங்க பொய் சொல்லுவீங்கன்னு எனக்குத் தோணவே இல்லக்கா."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பெரியவளுக்கு நிறுத்தத் தெரியாது.

"நாக்கு செத்தா போச்சு? தெருக்கோடி வரைக்கும் நீண்டிருக்கு! உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டு நிக்கிற. என்ன இருந்தாலும் நீ வந்தவதானே."

"இந்தாம்மா..." என்றார் கணவர்.

"நீங்களும் வந்தவங்கதானே அக்கா?" என்றாள் சின்னவள்.



சின்னவள் குளிர்பெட்டிக்குப் பக்கத்துச் சுவரைக் காட்டினாள். அங்கே ஒரு கரும்பலகை. "இது யாரு போட்ட சட்டம்? வாயால சொன்னா வாயோட போச்சு, எது மாத்தினாலும் அன்னிக்கே பலகையில எழுதணும்னு சொன்னது யாரு? நீங்க ஆரஞ்சுத் தோல்னு சொன்ன அன்னிக்கு ராத்திரி, கடை அடைக்கறப்பவே எழுதிட்டேன். நான் யார்கிட்டயும் போய்ச் சொல்லல. நீங்க சொன்னபடிதான் செஞ்சேன்."

பெரியவள் பலகையைப் பார்த்தாள். அது துடைத்துச் சுத்தமாக இருந்தது. காலையில் அவள் வரும்போது எப்போதும் அப்படித்தான் இருக்கும். மாலை ஏழு மணிக்கே அவள் வீட்டுக்குப் போய்விடுவதால், எழுதியதை அவள் பார்ப்பதே இல்லை. தான் போட்ட சட்டத்தைத் தான் பொறி வைக்கும்போது மறந்துபோனாள். சின்னவள் மறக்கவில்லை.

"நான்தான் தெனமும் அத படம் புடிச்சுக் குரூப்புல போட்டுட்டு அழிப்பேன்" என்றார் கணவர் தரையைப் பார்த்தபடி. "தம்பி விடிகாலையில சந்தைக்குப் போகணுமில்ல."

"அப்ப எள்ளு? எள்ள ஏன் எழுதல?"

"மறந்துட்டேன். தம்பியும் இஞ்சிய எழுத மறந்துட்டான் போல."

வேறு நாளாக இருந்தால் இதற்கே ஒரு மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். இன்று தப்பித்தார்.

"குரூப்புல யாரு யாரு?" என்றாள் பெரியவள் சின்னவளிடம்.

"நான், மாமா, உங்க கொழுந்தன்..." சின்னவள் நிறுத்தினாள். அவளும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை பெரியவளுக்குச் சுருக்கென்றது.

"நாலாவது யாரு?"

"அத மாமாகிட்ட கேளுங்க. நான் சொல்ற விஷயமில்ல அது."

சின்னவள் வேலையைப் பாதியில் விடவில்லை. ஒவ்வொரு ரொட்டியையும் அலுமினியத் தாளில் மூடினாள். தட்டுகளை அடுப்புக்குள் தள்ளி, பத்து நிமிஷம் கழித்துத் தாளை எடுக்க மணியைத் திருகி வைத்தாள். சீஸ் பொன்னிறமாகிற வரை மூடாமல் விட வேண்டும், பாகை வெளியே எடுத்த பிறகுதான் ஊற்ற வேண்டும் என்று, ஏதோ கணவருக்குத் தெரியாதது போல ஒருமுறை சொன்னாள். கை கழுவினாள். ஏப்ரனை அவிழ்த்து, நாலாக மடித்து, மாவு டின் மேல் வைத்தாள்.

"வரேன் மாமா" என்றாள். அக்காவிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

மாவு டின் மேல் மடித்த ஏப்ரன். இதைப் பெரியவள் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறாள். இதே டின், இதே நாலு மடிப்பு.

பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஒன்றரை வருடத்துக்கு முன்பு வரை இந்தச் சமையலறையில் இன்னொருத்தி இருந்தாள். பெரியவளின் நாத்தனார், கணவரின் தங்கை. பூண்டு வெண்ணெய்க் குறிப்பு எழுதிய தாள் ஒருநாள் காணாமல் போனது. எடுத்தது நீதான் என்றாள் பெரியவள். நாத்தனார் ஒரு வார்த்தை பேசாமல் ஏப்ரனை மடித்து வைத்துவிட்டுப் போனாள். நாலு மாதம் கழித்து, குளிர்பெட்டியை நகர்த்தியபோது அதன் பின்னால் தாள் கிடந்தது. அன்றைக்குத்தான் தாள் வேண்டாம், பலகை போதும் என்று சட்டம் வந்தது. மன்னிப்புக் கேட்பது பற்றி எந்தச் சட்டமும் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தேன் பாத்திரத்தில் முதன்முதலாக மிளகாயைக் கொட்டிப் பார்த்ததும் அந்த நாத்தனார்தான். நுனித் துண்டை இனாமாகக் கொடுக்க ஆரம்பித்ததும் அவள்தான். கேட்பவர்களிடம் பெரியவள் இரண்டையும் தன் யோசனை என்று சொல்லிச் சொல்லி, தானே நம்பத் தொடங்கியிருந்தாள்.

"போனக் குடுங்க" என்றாள் கணவரிடம்.

அவர் மறுக்கவில்லை. 'அடுப்படி' என்று குரூப்பின் பெயர். நாலு நாளைக்கு முந்தைய படம். கரும்பலகையில் சின்னவளின் உருண்டை எழுத்து: பாகு, இன்று முதல் ஆரஞ்சுத் தோல், அக்கா சொன்னது. அதன் கீழே, 'தங்கச்சி' என்ற பெயரில் ஒரு பதில்.

"அண்ணே, தோலை அப்படியே துருவிப் போட்டாக் கசக்கும். வெந்நீர்ல ரெண்டு தடவ கொதிக்க வெச்சு, தண்ணியக் கொட்டிட்டு அப்புறம் துருவச் சொல்லு. நான் போட்டுப் பாத்துட்டேன், நல்லா வருது. நான் சொன்னேன்னு மட்டும் அண்ணிகிட்ட சொல்லாதே. வீம்புக்குப் போடாம விட்டுடுவாங்க."

பெரியவள் இரண்டாம் முறை படித்தாள். எழுத்து கலங்கித் தெரிந்தது.

"வேற ஊர்ல இருக்கான்னுதானே சொன்னீங்க? உங்க தங்கச்சி இப்ப எங்க வேலை செய்றா?"

அவர் மேடை மேல் கிடந்த சிவப்புக் கூரைப் பொட்டலத்தைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்கு மட்டும் ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணுவேன்னு எங்களுக்குத் தெரியாதாம்மா?" என்றார் அவர். முப்பது வருடத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியங்களில் அதுவும் ஒன்று.

தான் குரூப்பை விட்டுப் போனதிலிருந்து எட்டு மாதமாக, தன் வீட்டுக்குள் தனக்குப் பயந்து ஒரு ரகசியம் நடந்திருக்கிறது. பெரியவளுக்கு வெட்கமாக இருந்தது. நாலு நாளாக இந்தச் சமையலறையில் வாய் கூசாமல் பொய் சொன்னவள் தான் ஒருத்திதான் என்பது அதைவிடக் கேவலமாக இருந்தது.

அடுப்பு மணி அடித்தது. தாளை எடுக்க வேண்டிய கை டின் மேலிருந்த ஏப்ரனை எடுத்தது. செருப்பைக்கூட மாட்டாமல் அவள் வாசலுக்கு ஓடினாள்.

தெருவில் நாலு மணிக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. சின்னவள் தூரத்தில், முச்சந்தி வரை போய்விட்டிருந்தாள். கூப்பிட வாயெடுத்தாள் பெரியவள். என்னவென்று கூப்பிடுவது? திருடி என்று சொன்ன வாய்க்கு வேறு பெயர் உடனே வரவில்லை.

வீட்டுக்குப் போக இடது பக்கம் திரும்ப வேண்டும். சின்னவள் ஒரு கணம் நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வலது பக்கம் திரும்பி, சிவப்புக் கூரையை நோக்கி நடந்தாள்.

பெரியவள் கையில் ஏப்ரனோடு நடுத்தெருவில் நின்றாள். இவ்வளவு பட்ட பிறகும், அந்த வெட்கங்கெட்ட மனசு முந்திக்கொண்டு கேட்டது: அங்கே என்ன வேலை இவளுக்கு?